ஒரு புள்ளி தவறினாலும்: பிரெய்லிக் கருவியும் கைபேசியும் தடையின்றி இணைந்திருக்க

குளத்தூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் தம் தாயாருடன் எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார். விழித்திரை சிறிது சிறிதாகச் செயலிழக்கும் பரம்பரை நோய் அவருக்கு உண்டு. செவித்திறனும் குறைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் சிறிதளவு ஒளியுணர்வையேனும் காக்கலாம் என்னும் நோக்கத்தில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்தோம். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை முதலில் நாளொன்றுக்கு 6 முறை இட்டு, பின்னர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பள்ளியில் பிரெய்லி கற்றவர் அவர். கைபேசியுடன் இணைந்த பிரெய்லிக் கருவி ஒன்றையும் வைத்திருந்தார். ஆகவே, "இனி 6 முறை வேண்டா, 4 முறை போதும்" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, எங்கள் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது கண்ணின் அழுத்தம் உயர்ந்திருந்தது. விசாரித்ததில் உண்மை தெரிந்தது. கைபேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது, கருவியின் மொழி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. தமிழ்ச் சொற்கள் யாவும் பொருளற்ற புள்ளிகளாகிவிட்டன. எண்கள் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கின்றன. 6, 4 என்ற இரண்டு எண்களை மட்டும் விரலால் உணர்ந்த அவர், "நாளொன்றுக்கு 6 முறை, 4 வாரம்" என்று பொருள் கொண்டுவிட்டார். யாரிடமும் கேட்டுத் தொல்லை தரக் கூடாதென்று பேசாமலும் இருந்துவிட்டார். மருந்தைக் குறைத்ததும் அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. உரிய காலத்தில் கண்டறியாமல் போயிருந்தால், எஞ்சிய ஒளியையும் அவர் இழந்திருக்கக் கூடும்.

இந்நிகழ்ச்சியில் அந்தப் பெண்ணின் பிழை எதுவுமில்லை. கருவியும் பழுதாகவில்லை, கைபேசியும் பழுதாகவில்லை. இரண்டுக்கும் நடுவேயிருந்த ஓர் இணைப்புத்தான் நழுவியது. பிரெய்லிக் கருவியைப் பயன்படுத்துவோரும் அவர்தம் குடும்பத்தினரும் இந்த இணைப்புகளை அறிந்திருந்தால், பெரும்பாலான இடர்களை வீட்டிலேயே நீக்கிக்கொள்ளலாம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருக்கு இக்கருவி தேவை?

பார்வை குறைந்த அனைவருக்கும் பிரெய்லி தேவைப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, தக்க கண்ணாடி அணிந்த பின்னும் இரு கண்களுள் சிறந்த கண்ணில் பார்வை 3/60க்கும் குறைவாக இருந்தால், அல்லது பார்வைப் புலம் 10 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால், அது பார்வையின்மை எனப்படும். அதைவிட மேம்பட்ட நிலையில், 6/18க்கு மிகாத பார்வை உடையவர்கள் குறைபார்வையினர். குறைபார்வையினர் பலருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியே போதும். அறுபது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களுள் பலருக்குக் கைபேசி பேசும் குரலே போதுமானதாக இருக்கிறது. அந்த வயதில் பிரெய்லி கற்க முடியாதென்பதில்லை. ஆயினும் அனைவரும் அதை விரும்புவதில்லை.

மூன்று வகையினருக்கு இக்கருவி இன்றியமையாதது. முதலாவது, சிறு வயது முதல் பிரெய்லியில் படிக்கும் மாணவர்கள். கேட்டு மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு ரகர றகர வேறுபாடும், ஒற்று மிகும் இடமும், சொற்பிரிப்பும் எளிதில் வசப்படுவதில்லை. எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் பிள்ளையே எழுத்தறிவு பெற்ற பிள்ளை. இரண்டாவது, அலுவலகம், ஆசிரியப் பணி, வங்கிப் பணி போன்றவற்றில் இருப்பவர்கள். பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குறிப்பைப் பார்க்க வேண்டிய இடங்களில் குரல் இடையூறாகிவிடும். மூன்றாவது, பார்வையும் செவித்திறனும் ஒருங்கே குறைந்தவர்கள். இவர்களுக்குக் குரல் பயன்படாது. விரல் நுனிக்கு வரும் புள்ளிகளே உலகத்தோடு இவர்களை இணைக்கும் வழி. மேலே குறிப்பிட்ட பெண் இவ்வகையினர்.

விழித்திரை நோயும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வருவது அஷர் நோய்க்கூட்டு எனப்படும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போதே இது வெளிப்படுகிறது. நெருங்கிய உறவில் மணம் புரிந்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் செவித்திறன் குறைவும் மாலைக்கண் போன்ற தொல்லையும் சேர்ந்து இருக்குமானால், காலந்தாழ்த்தாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பார்வை ஓரளவு இருக்கும்போதே பிரெய்லி கற்பது பிற்காலத்துக்குப் பெருந்துணையாகும்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

பிரெய்லி எழுத்தை உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் லூயி பிரெய்லி. 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி ஒன்றால் கண்ணில் காயமுற்றார். நோய் மறு கண்ணுக்கும் பரவி, இரு கண்களின் பார்வையையும் இழந்தார். 15 வயதிலேயே, மேலும் கீழுமாக மூன்று, இரண்டு வரிசையாக ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை வகுத்தார். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெய்லி 1951ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்படி தமிழின் 'க'வும் இந்தியின் 'க'வும் ஒரே புள்ளிகளால் எழுதப்படுகின்றன.

தடித்த தாளில் குத்தப்பட்ட புள்ளி மாறாது. கருவியின் புள்ளியோ எழுந்து எழுந்து தாழும். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுச் சிறு ஊசிமுனைகள் இருக்கும். ஆறு எழுத்துக்கு, இரண்டு கூடுதல் குறிப்புக்கு. பழைய முறைக் கருவிகளில் ஒவ்வொரு முனையின் கீழும் மின்னழுத்தம் பட்டால் வளையும் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். பட்டை வளைந்தால் புள்ளி மேலெழும். இதற்கு ஏறத்தாழ 200 வோல்ட் தேவைப்படுகிறது. எனினும் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் விரலுக்குத் தீங்கில்லை. 20 கட்டம் உள்ள கருவியில் இத்தகைய 160 முனைகள் தனித்தனியே இயங்க வேண்டும். அவ்வகைக் கருவிகள் லட்சம் ரூபாயைத் தாண்டி விற்பதற்கு இதுவே காரணம்.

விலையைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் கூடி உருவாக்கிய ஆர்பிட் ரீடர் 20 அவற்றுள் ஒன்று. 2019ஆம் ஆண்டு தில்லி ஐ.ஐ.டி. வெளியிட்ட டாட்புக் மற்றொன்று. அதன் உருவாக்கத்தில் சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. எந்தக் கருவியாயினும் கீழ்க்காணும் விளக்கம் பெரும்பாலும் பொருந்தும்.

ஐந்து கண்ணிகள்

கைபேசிக்கு வந்த ஒரு செய்தி விரலை அடைவதற்குள் ஐந்து கண்ணிகளைக் கடக்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் விரலுக்கு எதுவும் வராது. அல்லது தவறானது வரும். தவறாக வருவதே கூடுதல் ஆபத்து.

முதற்கண்ணி செய்தியே. பிரெய்லிக் கருவி படத்தைப் படிப்பதில்லை. எழுத்தை மட்டுமே படிக்கும். மருந்துச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், பெறுபவரின் விரலுக்குப் 'படம்' என்ற சொல்தான் வரும். குடும்பத்தினர் செய்யும் மிகப் பொதுவான தவறு இதுவே. நாங்களும் செய்திருக்கிறோம். மருந்தின் பெயரையும் அளவையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

இரண்டாம் கண்ணி திரைவாசிப்பி. திரையில் இருப்பதைச் சொற்களாக மாற்றித் தரும் மென்பொருள் இது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் பெயர். திரைவாசிப்பி அணைந்திருந்தால் கருவி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. சில கைபேசிகளில் பேட்டரி சேமிப்பு வசதி, பின்னணியில் இயங்கும் மென்பொருள்களை நிறுத்திவிடும்; அதில் திரைவாசிப்பியும் அகப்பட்டுக்கொள்ளும். டாக்பேக்குக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாதவாறு அமைப்புகளில் ஒருமுறை விலக்கு அளித்துவிட வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் டாக்பேக் மீண்டும் எழும். ஐபோனில் பக்கப் பொத்தானை மும்முறை விரைவாக அழுத்தும் குறுக்குவழி உண்டு. இக்குறுக்குவழிகளை முன்கூட்டியே அமைத்துவைத்தால்தான் அவை தேவைப்படும் வேளையில் கைகொடுக்கும்.

மூன்றாம் கண்ணி மொழி அட்டவணை. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்று கூறும் பட்டியல் இது. அந்தப் பெண்ணுக்கு நழுவியது இக்கண்ணியே. அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ச் சொல் சிதைந்து, எண் மட்டும் தப்பும். கைபேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும், தமக்கு நன்கு தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லை வரவழைத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. தம் பெயரோ ஊர்ப் பெயரோ போதும். 'கீரனூர்' என்பது ஏழு கட்டங்களில் வர வேண்டும். வராவிட்டால் டாக்பேக் அமைப்புகளில் பிரெய்லிப் பகுதிக்குச் சென்று தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காம் கண்ணி புளூடூத் அல்லது கம்பி இணைப்பு. இங்கேதான் தொல்லைகள் மிகுதி. நெடுங்காலம் ஒவ்வொரு கருவி நிறுவனமும் தனித்தனி மின்மொழியில் கைபேசியோடு பேசிவந்தது. ஆகவே, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. ஒரு புதுப்பிப்பில் அது விடுபட்டால், நேற்றுவரை இயங்கிய கருவி இன்று இயங்காது. இக்குறையைப் போக்க 2018ஆம் ஆண்டு மே மாத இறுதியில், யூ.எஸ்.பி. தரங்களை வகுக்கும் அமைப்பு, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்களுடன் சேர்ந்து பிரெய்லிக் கருவிகளுக்கான பொதுத் தரத்தை அறிவித்தது. விசைப்பலகையைச் செருகியவுடன் அது இயங்குவதுபோலப் பிரெய்லிக் கருவியும் இயங்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

தரம் அறிவிக்கப்பட்டவுடன் எல்லாக் கைபேசிக்கும் அது வந்துவிடவில்லை. ஐபோனில் பிரெய்லிக் கருவிக்கான வசதி 2010 முதலே உண்டு. ஆண்ட்ராய்டில் அதற்கெனத் தனிச் செயலியை நிறுவ வேண்டியிருந்தது. 2022இல்தான் அது டாக்பேக்கின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. மேற்கண்ட பொதுத் தரத்தில் இயங்கும் கருவிகளைக் கம்பி வழியாக மட்டுமன்றி, புளூடூத் வழியாகவும் இணைக்கும் வசதி 2024இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 15 உடன் வந்தது. எனவே, கருவி வாங்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இக்கருவி பொதுத் தரத்தில் இயங்குமா? எங்கள் கைபேசியின் ஆண்ட்ராய்டு எண் எத்தனை? கருவியையும் கைபேசியையும் அருகருகே வைத்து இணைத்துக் காட்டச் சொல்லி, அதன் பின்னரே பணம் கொடுங்கள்.

ஐந்தாம் கண்ணி புள்ளிகளும் விரலும். இதைத் தனியே பார்ப்போம்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது?

பின்வரும் வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசை இது.

1. கருவியிலும் கைபேசியிலும் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாதபோது கருவி தானாக உறங்கிவிடக் கூடும். ஒரு விசையை அழுத்தி எழுப்புங்கள்.

2. கருவி வேறொன்றுடன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியுடன் முன்பு இணைத்திருந்தால், அது கைபேசியைப் புறக்கணித்துக் கணினியையே நாடும். கணினியின் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

3. கைபேசியின் புளூடூத்தை அணைத்து, சில நொடி கழித்து இயக்குங்கள். பின்னர் டாக்பேக்கை அணைத்து இயக்குங்கள். தொல்லைகள் பலவும் இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும்.

4. அதுவும் பயன் தராவிட்டால், கைபேசியின் பட்டியலிலிருந்து கருவியின் பெயரை நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள். ஐபோனில் இதைப் பொதுவான புளூடூத் பக்கத்தில் செய்யாமல், அணுகல் வசதிகளில் வாய்ஸ்ஓவரின் கீழுள்ள பிரெய்லிப் பக்கத்தில் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் டாக்பேக் அமைப்புகளில் உள்ள பிரெய்லிப் பக்கத்தில் செய்ய வேண்டும். ஹெட்செட்டை இணைப்பதுபோல இணைத்துவிட்டு, 'இணைந்துவிட்டது, புள்ளி வரவில்லை' என்று தவிப்பவர்கள் பலர்.

5. கம்பியால் இணைத்துப் பாருங்கள். மலிவான சில கம்பிகள் மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும். தகவலைக் கடத்தும் இழை அவற்றுள் இருக்காது. கருவியுடன் வந்த கம்பியைப் பத்திரமாக வையுங்கள்.

6. கருவியின் அமைப்பில் இணைப்பு முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் பழைய முறை, பொதுத் தரம் என இரண்டும் இருக்கும். கைபேசிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கடைத்தெருவில் உள்ள செல்போன் கடைக்குக் கொண்டுசென்று 'ரீசெட்' போடச் சொல்லாதீர்கள். அவ்வாறு செய்தால் திரைவாசிப்பியின் அமைப்பு, தமிழ் அட்டவணை, இணைப்புப் பட்டியல், குறுக்குவழிகள் யாவும் அழிந்துவிடும். பல மாதங்களாக விரல்கள் பழகிய கைபேசி ஒரே நொடியில் அந்நியமாகிவிடும். வேறு எவ்வழியும் இல்லையென்றால், கருவிக்கு உரியவரைக் கேட்டு, அவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

இருபது கட்டத்துக்குள் தமிழ்

பாரதி பிரெய்லியில் தமிழை எழுதும்போது உயிர்மெய் எழுத்து பிரிந்து நிற்கும். 'கா' என்பதற்கு இரண்டு கட்டம். புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு கட்டம்: புள்ளிக்குறி ஒன்று, எழுத்து ஒன்று. அச்சில் நான்கெழுத்தாகத் தெரியும் 'மாத்திரை' பிரெய்லியில் எட்டுக் கட்டங்களை எடுத்துக்கொள்கிறது. "காலை ஒரு மாத்திரை" என்பது இடைவெளிகளுடன் 17 கட்டம்; 20 கட்டக் கருவியில் ஒரு வரியில் அடங்கிவிடும். "உணவுக்குப் பின்" என்பது 15 கட்டம். விசையை அழுத்தி அடுத்த வரிக்குச் சென்றால்தான் விரலுக்கு வரும். அதற்குள் இணைப்பு அறுந்தால், மாத்திரை உணவுக்கு முன்னா பின்னா என்பது தெரியாமலே போகும்.

எனவே, பிரெய்லியில் படிப்பவருக்கு எழுதும்போது மூன்று நெறிகளைப் பின்பற்றுங்கள். சுருக்கமாக எழுதுங்கள்; ஒரு செய்தியில் ஒரு மருந்து போதும். தவறினால் தீங்கு விளைவிக்கும் சொல்லை முதலில் எழுதுங்கள்: "உணவுக்குப் பின்: காலை ஒரு மாத்திரை." செய்தியின் இறுதியில் 'முடிந்தது' என்று எழுதுங்கள், அச்சொல் வரும்வரை செய்தி முடியவில்லை என்பதைப் படிப்பவர் அறிந்துகொள்வார்.

எண்ணில் மறைந்திருக்கும் ஆபத்து

பிரெய்லியில் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. எண்குறி ஒன்றை முன்னே இட்டு, ஆங்கிலத்தின் முதற்பத்து எழுத்துகளையே எண்களாகக் கொள்வர். 8 என்பது 1, 2, 5 ஆகிய புள்ளிகள். அவற்றுள் இரண்டாம் புள்ளி மட்டும் மேலெழாமல் சிக்கிக்கொண்டால், விரலுக்கு வருவது 1, 5. அது எண் 5. அவ்வாறே 6 என்பதில் நான்காம் புள்ளி எழாவிட்டால் அது 2 ஆகிவிடும். ஐந்தும் ஒன்பதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. புதிதாகக் கற்பவர் எளிதில் மயங்குவர்.

இன்சுலின் 8 யூனிட் என்பது 5 யூனிட் ஆனால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்குத் தீர்வு எளிது. மருந்தின் அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்: "8, எட்டு." அரை மாத்திரையை '1/2' என்று எழுதாமல் 'அரை' என்றே எழுதுங்கள். ஒரு புள்ளி எண்ணை மாற்றிவிடலாம். சொல்லையும் எண்ணையும் ஒருசேர மாற்றி, இரண்டும் பொருந்தும்படி செய்துவிடாது. இரண்டும் பொருந்தவில்லையென்றால் மருந்தை எடுத்துக்கொள்ளாமல் முதலில் கேட்டறிய வேண்டும்.

புள்ளிகள் சிக்குவதற்குப் பெரும்பாலும் தூசியும் வியர்வையும் எண்ணெய்ப் பசையுமே காரணம். படிக்கும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். கைத்தூய்மித் திரவம் இட்ட ஈரக் கையோடு புள்ளிகளைத் தொடாதீர்கள். கருவியின் மேல் ஸ்பிரிட்டைத் தெளிக்கவும் கூடாது. மருத்துவமனைக்கு வரும்போது கருவியை உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள். வாரம் ஒருமுறை, அறிந்த ஒரு வரியை வரவழைத்து, எல்லாக் கட்டங்களும் சரியாக எழுகின்றனவா என்று விரலால் சோதித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

விரலையும் காக்க வேண்டும்

சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நீடித்த சர்க்கரை நோய் நரம்புகளையும் பாதிப்பதால், சிலருக்கு விரல் நுனியின் உணர்வு குறைந்திருக்கும். அவர்கள் பிரெய்லி கற்க இயலாமல் தவிக்கும்போது, அதை அக்கறையின்மை என்று குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர். அருகருகே உள்ள இரு புள்ளிகளை விரல் பிரித்தறிகிறதா என்பதைச் சிறு பரிசோதனையால் நாங்கள் அறிந்துகொள்ள முடியும். கருவி வாங்கும் முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஒரு விரல் உணராவிட்டால் மற்றொரு விரல் உணரலாம். எவ்விரலும் உணராவிட்டால் குரல்வழியே ஏற்றது.

வீட்டில் குளுக்கோமீட்டர் கொண்டு சர்க்கரையைச் சோதிப்பவர்கள், பிரெய்லி படிக்கும் சுட்டுவிரலின் நுனியில் ஊசி குத்தாதீர்கள். நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் பக்கவாட்டில் குத்துங்கள். நாள்தோறும் குத்தும் இடத்தில் தோல் தடித்துவிடும். புள்ளி உணரும் நுண்மை குறையும். கல் உடைக்கும் வேலை, களையெடுப்பு போன்றவற்றால் காய்ப்புக் காய்த்த விரல்களுக்கும் பழக்கப்படக் கூடுதல் நாள் ஆகும். பொறுமை வேண்டும்.

ஒரே வழியை நம்பியிராதீர்கள்

எவ்வளவு சரியாக அமைத்தாலும் கருவி என்றேனும் ஒரு நாள் நின்றுபோகும். அன்று என்ன செய்வது என்பதை இன்றே முடிவு செய்துவையுங்கள். செவித்திறன் உள்ளவர்கள் குரல் வழியையும் பழகிக்கொள்ள வேண்டும். கருவி இல்லாமலே கைபேசியின் கண்ணாடித் திரையில் ஆறு விரல்களால் பிரெய்லியில் தட்டச்சு செய்யும் வசதி ஐபோனில் 2014 முதலும், டாக்பேக்கில் 2020 முதலும் உண்டு. அதையும் கற்றுக்கொள்ளலாம். 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைப்பதற்கான வழியைக் கருவியின் துணையின்றிப் பலமுறை பழகிக்கொள்ளுங்கள். அவசர வேளை கற்கும் வேளையன்று.

செவியும் கண்ணும் ஒருங்கே குறைந்தவர்கள் மருந்து அட்டவணையைத் தடித்த தாளில் பிரெய்லியில் எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும். தாளுக்குப் பேட்டரி தீராது. குடும்பத்தில் ஒருவரேனும் பிரெய்லி எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துப் படிக்கப் பழகுவது கடினமன்று. திரையில் இருப்பதும் புள்ளியில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க ஒருவர் இருப்பதே பெரும் பாதுகாப்பு.

செய்தி அனுப்பியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "கிடைத்ததா?" என்று கேட்டால் "கிடைத்தது" என்றே விடை வரும். "என்ன படித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பெண்ணின் நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் பிரிவில் இதையே வழக்கமாக்கிக்கொண்டுள்ளோம். மருந்தின் அளவை மாற்றும்போது, நோயாளர் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதி அனுப்பும்வரை செய்தி சென்று சேர்ந்ததாக நாங்கள் கருதுவதில்லை.

கருவி, திறன்பேசி முதலியவற்றுக்கான அரசு உதவிகளைப் பற்றிப் புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். தனித்துவ அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் உடன் இருக்கட்டும். சான்று பெறுவதற்கான பரிசோதனை பற்றி எங்கள் பிரிவில் வழிகாட்டுவோம்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது கைபேசியையும் பிரெய்லிக் கருவியையும் உடன் கொண்டுவாருங்கள். மருந்து எழுதிய பின், அங்கேயே ஒரு செய்தி அனுப்பி, உங்கள் விரலால் படிக்கச் சொல்லிக் கேட்போம். அந்த இளம்பெண் சென்ற முறை வந்தபோது அவ்வாறே செய்தோம். ஒரு சொல்லில் ஒற்று விடுபட்டிருப்பதாக அவர் எங்களைத் திருத்தினார். திருத்திக்கொண்டோம். கண்ணின் அழுத்தம் இயல்பாகவே இருந்தது.